கத்தி வேண்டுமா, வேண்டாமா? குழந்தையின் வயிற்றுக்குள் போய்ச் சொல்லும் ஒலிக் கருவி!

மண்பானை வாங்குகிறவர்கள் அதைத் தட்டிப் பார்ப்பார்கள். கணீர் என்று கேட்டால் நல்ல பானை. ஓசை மந்தமாக இருந்தால் எங்கோ கீறல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கீறலை ஓசை காட்டிக் கொடுத்துவிடும்.

கிட்டத்தட்ட இதே முறையில்தான், குழந்தைகளின் வயிற்றுக்குள் மறைந்திருக்கும் நோயையும் டாக்டர்கள் கண்டுபிடிக்கிறார்கள்.

வயிற்றின் மேல் பசை போல ஒன்றைத் தடவி, "ஸ்கேன்" எடுப்பது எல்லோருக்கும் தெரியும். கருவியில் இருந்து புறப்படும் ஒலி, உடம்புக்குள் சென்று, முட்டித் திரும்பும். திரும்பி வரும் ஒலியைக் கொண்டு கம்ப்யூட்டர் படம் வரையும்.

அந்தக் கருவியைச் சிறிதாக்கி, நீண்ட குழாயின் நுனியில் பொருத்தி, வாய் வழியாக இரைப்பைக்கே அனுப்பினால் எப்படி? அதுதான் "எண்டோஸ்கோப்பிக் அல்ட்ரா சவுண்ட்".

கொதிகலன் தொழிற்சாலையில்...

ஸ்கேன் பிறந்த கதை வேடிக்கையானது. இரும்புத் தகட்டில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க, தொழிற்சாலைகளில் ஒலிக் கருவி வைத்திருந்தார்கள். ஸ்காட்லாந்து நாட்டில், கிளாஸ்கோ நகர மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் இயான் டொனால்டு, "இரும்புக்குள் தெரிவது உடம்புக்குள் தெரியாதா?" என்று யோசித்தார்.

1955-ம் ஆண்டில், ஆபரேஷன் செய்து எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்கே போய்விட்டார்! ஒப்பிட்டுப் பார்க்க, பெரிய மாட்டிறைச்சித் துண்டு ஒன்றும் தயாராக இருந்தது. கட்டிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக ஒலியைத் திருப்பி அனுப்பின. 1958-ல் அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது.

1980-ல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் டாக்டர்கள் இந்த ஒலியை வயிற்றுக்குள் இறக்கினார்கள்.

உள்ளே போவது ஏன்?

ஒலிப் படத்துக்கு எதிரி காற்று. இரைப்பையிலும் குடலிலும் காற்று உண்டு. கணையமோ இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. வெளியில் இருந்து பார்த்தால், காற்று குறுக்கே நின்று மறைத்துவிடும்.

இரைப்பைக்குள் இருந்து பார்த்தால், கணையத்துக்கும் கருவிக்கும் நடுவே இருப்பது இரைப்பையின் சுவர்தான்! தூரம் குறைவதால், நுணுக்கமான ஒலியைப் பயன்படுத்த முடிகிறது. மனிதக் காது, விநாடிக்கு 20 ஆயிரம் அதிர்வு வரைதான் கேட்கும். இந்தக் கருவி எழுப்பும் ஒலியோ, விநாடிக்கு 50 லட்சம் முதல் 2 கோடி அதிர்வு வரை! இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது.

தொண்டையில் சிக்கும் சோறு

சில குழந்தைகள் பால் நன்றாகக் குடிக்கும். சோறு ஊட்டத் தொடங்கியதும் விக்கும், கக்கும். உணவுக் குழாய் பிறவியிலேயே ஓர் இடத்தில் குறுகி இருப்பது இதற்கு ஒரு காரணம். இது அபூர்வமான குறை.

குறுகி இருப்பதை எக்ஸ்ரே காட்டிவிடும். ஏன் குறுகியது என்பதை அது சொல்லாது. அதுதான் முக்கியம்.

சுவரில் தசையும் நாரும் தடித்திருந்தால், உள்ளே சிறு பலூனை ஊதி விரிக்கலாம். ஆனால் சிலருக்கு, கருவில் மூச்சுக் குழாய்க்குச் சேர வேண்டிய குருத்தெலும்பு, வழி தவறி உணவுக் குழாயின் சுவருக்குள் வந்துவிடுகிறது. அது சுலபத்தில் விரியாது. பலூனை ஊதினால் குழாய் கிழியும் அபாயம் உண்டு. பெரும்பாலும் ஆபரேஷன்தான்.

பலூனா, கத்தியா? சுமார் இரண்டரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒலிக் கம்பியை உள்ளே செலுத்தி, சுவரை அடுக்கு அடுக்காகப் பார்த்து டாக்டர்கள் முடிவு செய்கிறார்கள்.

சைக்கிள் விபத்து

சைக்கிளில் இருந்து விழும் சிறுவனின் மேல் வயிற்றில், ஹேண்டில் பாரின் நுனி குத்துகிறது. வெளியே சிறு கன்றல். சில சமயம் அதுவும் இருக்காது. உள்ளே, கணையம் முதுகெலும்போடு சேர்ந்து நசுங்கிவிடலாம்!

பிறகு வயிற்று வலியும் வாந்தியும் வரும். கணைய நீர் கசிந்து, சில வாரங்களில் பை போலத் தேங்கும். பல பைகள் தாமாகவே வற்றிவிடும். சில மட்டும் பெரிதாகி, இரைப்பையை அழுத்தி, பிள்ளையைச் சாப்பிட விடாது.

முன்பெல்லாம் இதற்கு வயிற்றைக் கிழிக்க வேண்டும். இப்போது ஒலிப் படத்தைப் பார்த்து, ரத்தக் குழாய் இல்லாத இடமாகத் தேர்ந்து, இரைப்பைக்குள் இருந்தே பையில் ஊசியைச் செலுத்துகிறார்கள். அந்தத் துளையில் சிறு குழாய் வைத்தால், தேங்கிய நீர் இரைப்பைக்குள் வடிந்துவிடும். பின்னர் குழாயை வாய் வழியாகவே எடுத்துவிடலாம். வயிற்றின் மேல் ஒரு தையல்கூட இல்லை!

பெரியவர்களுக்குச் செய்த கருவி

ஒரு சங்கடம் உண்டு. இந்தக் குழாய் பெரியவர்களுக்காகச் செய்யப்பட்டது. சுமார் 15 கிலோ எடைக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத்தான் பொதுவாக உபயோகிக்கிறார்கள். அதற்கும் சிறிய குழந்தைகளுக்கு, நுரையீரலைப் பார்ப்பதற்கென்று செய்த மெல்லிய குழாயைக் கடன் வாங்குவதும் உண்டு!

ரத்தக் கசிவு, கிருமித் தொற்று, குடலில் துளை விழுவது போன்ற ஆபத்துகள் குறைவு. அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஊசி போட்டு நீரை வடிக்கும்போது அவை சற்று அதிகம். எனவே பழகிய கை வேண்டும்.

வயிறு வலிக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் இது தேவை இல்லை. பெரும்பாலான வயிற்று வலி சாதாரணமானது. முதலில் வெளி ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையுமே போதும். ஆனால் பச்சை நிற வாந்தி, மஞ்சள் காமாலை, எடை குறைவது, தூக்கத்தில் இருந்து எழுப்பும் வலி ஆகியவை இருந்தால் தாமதிக்கக் கூடாது. சைக்கிளில் விழுந்ததையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். திட்டுக்குப் பயந்து பிள்ளைகள் மறைப்பது உண்டு.

மயக்க மருந்து கொடுத்தே இதைச் செய்கிறார்கள். அதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். "குழந்தை அழுகிறதே" என்று பாட்டி ரகசியமாக ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டால், அது மயக்கத்தில் மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடலாம். அப்படிக் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். பரிசோதனையைத் தள்ளி வைப்பார்கள்; அவ்வளவுதான்.

படம் மட்டும் எடுத்த பிள்ளைகள் பெரும்பாலும் அன்றே வீடு திரும்புகிறார்கள். தொண்டை சற்றுக் கரகரக்கும். ஓரிரு நாளில் சரியாகிவிடும்.