வரம்பு மீறிய எண்ணும் நிரற் சோதனையும்

1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதன்முறையாகச் செலுத்தப்பெற்ற பி.எஸ்.எல்.வி. ராக்கெட், தான் சுமந்து சென்ற ஐ.ஆர்.எஸ்.-1இ செயற்கைக்கோளுடன் வங்கக் கடலில் வீழ்ந்தது. இரண்டாம் கட்டம் பிரிந்த தறுவாயில் ராக்கெட்டின் நிலை குலைந்தது. அதனை நிமிர்த்த வேண்டிய கட்டளையின் அளவு குறித்த உச்ச வரம்பைத் தாண்டியது. அவ்வாறு தாண்டினால் மட்டுமே தலைகாட்டும் பிழையொன்று வழிகாட்டுக் கணிப்பொறியின் நிரலில் ஒளிந்திருந்தது. வரம்புக்குட்பட்ட அளவுகளைக் கொண்டு ஆயிரம் முறை சோதிப்பினும் இத்தகைய பிழை அகப்படாது.

தகாத அளவு வந்துற்றபோது, தவறான விடை தருவதைவிட வேலையை நிறுத்தி அறிவிப்பதே நிரலின் கடமை. இவ்வறிவிப்பை நிரலாளர் ‘எக்ஸெப்ஷன்’ என்பர். அது உரியபடி எழுகிறதா என்பதையும் சோதித்தறிதல் வேண்டும்.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒரு பள்ளியின் மழைமானி அளவுகளைப் பதியும் நிரல் ஒன்று உளதாகக் கொள்க. 12 மில்லிமீட்டர் எனத் தந்தால் அது ஏற்க வேண்டும். −5 எனத் தந்தால் மறுக்க வேண்டும். நிரலின் சிறு பகுதியைத் தனித்துச் சோதிக்கும் ‘யூனிட் டெஸ்ட்’டில், −5-ஐ வேண்டுமென்றே தந்து மறுப்பை எதிர்நோக்குவர். மறுப்பு எழாவிடில் சோதனை தோல்வி. இதனை எழுத மறந்த சோதனையில், நிரல் −5-ஐ வாய்மூடி ஏற்றுக்கொண்டாலும் வெற்றியென்றே பதிவாகும். தேர்வில் வினாவே கேளாமல் மதிப்பெண் இடுவது போன்றது இது!

எந்த அறிவிப்பு, எந்த வரியில் எழுந்தது என்பதும் முக்கியம். ஜாவா மொழிக்கான ஜேயூனிட் 4-இல் சோதனை முழுவதற்கும் ஓர் எக்ஸெப்ஷனை எதிர்பார்ப்பதாகக் குறிக்கும் வழக்கம் இருந்தது. அதே வகை அறிவிப்பு, ஆயத்த வரிகளில் வேறு காரணத்தால் எழுந்தாலும் சோதனை தேறிவிடும். 2017-இல் வெளிவந்த ஜேயூனிட் 5-இன் ‘அஸெர்ட்த்ரோஸ்’ குறித்த ஒரு செயலை மட்டும் சுற்றி நிற்பதால் இவ்விடர் பெரிதும் குறைந்தது. மறுப்புக்குப் பின் பழைய மழைப் பதிவுகள் சிதையாமல் இருக்கின்றனவா என்றும் பார்த்தல் நலம். பலர் இதனை விட்டுவிடுகின்றனர்.

அறிவிப்பு எழுந்தால் மட்டும் போதாது. அதனை ஏற்று ஆவன செய்யும் பகுதியும் வேண்டும். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பியரின் ஏரியன் 5 ராக்கெட்டில், 16 பிட் இடத்தில் அடங்காத எண் வந்ததும் எக்ஸெப்ஷன் முறைப்படி எழுந்தது. அதனை ஏற்பார் இல்லை. நிலையறி கருவியும் அதன் மாற்றுக் கருவியும் ஒரே நிரலைக் கொண்டிருந்தமையால் இரண்டும் ஒரே காரணத்தால் நின்றன; புறப்பட்ட சுமார் 40 வினாடியில் ராக்கெட் சிதறியது.

பி.எஸ்.எல்.வி. 1994 அக்டோபர் 15-இல் மீண்டும் செலுத்தப்பெற்று, ஐ.ஆர்.எஸ்.-பி2-ஐச் சுற்றுப்பாதையில் சேர்த்தது.