கிசான் பணம் ரூ.2 ஆயிரம் சிலருக்கு மட்டும் வராதது ஏன்? திருச்சி, ஸ்ரீரங்கம் விவசாயிகள் தெரிந்து கொள்ள வேண்டியவை

திருச்சி:

பக்கத்து வயல்காரருக்கு ரூ.2 ஆயிரம் வந்து விட்டது, நமக்கு மட்டும் வரலையே என்று பாஸ் புத்தகத்தோடு பேங்குக்கும் வேளாண்மை அலுவலகத்துக்கும் அலையும் விவசாயிகள் திருச்சி மாவட்டத்தில் ஏராளம். பணம் நிற்பதற்கு பெரும்பாலும் நாலைந்து காரணங்கள்தான்.

பிரதமரின் கிசான் திட்டம் 2019-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந்தேதி தொடங்கப்பட்டது. நிலம் வைத்திருக்கும் விவசாய குடும்பத்துக்கு வருடம் ரூ.6 ஆயிரம், 3 தவணையாக பேங்க் கணக்கில் போடப்படுகிறது. 21-வது தவணையை பிரதமர் மோடி 2025 நவம்பர் 19-ந்தேதி கோவையில் விடுவித்தார்.

குத்தகைதாரர் நிலை

ஸ்ரீரங்கம், லால்குடி பக்கம் கோவில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வாழையும் நெல்லும் போடுகிறவர்கள் உண்டு. வெயிலில் நின்று பாடுபடுவது அவர்கள்தான். ஆனால் இந்த பணம் அவர்களுக்குக் கிடையாது. சாகுபடி செய்பவர் யார் என்று இந்த திட்டம் பார்ப்பதில்லை. பட்டா யார் பெயரில் என்றுதான் பார்க்கிறது. கோவில் போன்ற நிறுவனங்களின் நிலத்துக்கும் பணம் வராது. ஆனால் குத்தகைதாரர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கி பயிர் காப்பீடு செய்யலாம்.

தாத்தா பெயரில் பட்டா

நிலம் இன்னமும் தாத்தா, அப்பா பெயரில் கிடந்தால் மகன் விண்ணப்பித்தாலும் நிற்காது. வாரிசு சான்றிதழ் வைத்து பட்டா மாற்ற வேண்டும். 2019 பிப்ரவரி 1-ந்தேதிக்கு பிறகு விலைக்கு வாங்கிய நிலத்துக்கு பணம் கிடையாது. வாரிசு முறையில் வந்த நிலத்துக்கு உண்டு. கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள் சேர்ந்து ஒரே குடும்பம். ஒருவருக்குத்தான் கிடைக்கும்.

வருமான வரி கட்டுபவர்கள், அரசு ஊழியர்கள் (கடைநிலை ஊழியர் தவிர), மாதம் ரூ.10 ஆயிரமும் அதற்கு மேலும் பென்சன் வாங்குபவர்கள், டாக்டர், வக்கீல், என்ஜினீயர் ஆகியோருக்கும் கிடையாது.

பணம் எங்கே போகிறது?

எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையா? ஆதார் எந்த கணக்கில் இணைந்திருக்கிறதோ அந்த கணக்குக்குத்தான் பணம் போகும். வேறு பேங்கில் கடைசியாக ஆதார் இணைத்திருந்தால் அங்கே போய் பார்க்க வேண்டும். இணைக்காதவர்கள் தபால்காரர் மூலம் தபால் துறை பேமெண்ட்ஸ் பேங்கில் கணக்கு தொடங்கலாம்.

அடுத்தது இ-கே.ஒய்.சி. செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. மூலமோ, பொது சேவை மையத்தில் கைரேகை வைத்தோ, கிசான் செயலியில் முகத்தைக் காட்டியோ முடிக்கலாம். களை பறித்து, மண்வெட்டி பிடித்து ரேகை தேய்ந்தவர்களுக்கு முகப்பதிவு சவுகரியம். நில விவரம் ஏறவில்லை என்றால் ஆதார், பட்டா நகலுடன் வேளாண்மை உதவி இயக்குனர் அலுவலகத்தில் கேட்கலாம்.

கெடுபிடி ஏன்?

2020-ல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்பட பல மாவட்டங்களில் விவசாயிகளே அல்லாதவர்களை இந்த பட்டியலில் சேர்த்தது அம்பலமானது. சுமார் 5½ லட்சம் பேர் பெயரில் ரூ.110 கோடி வரை போனதாக அப்போது அரசு தரப்பில் கூறப்பட்டது. அதிகாரிகளின் பாஸ்வேர்டை வைத்து நடந்த இந்த மோசடியை சி.பி.சி.ஐ.டி. போலீசார் விசாரித்தனர். தகுதி இல்லாதவர்களிடம் பணம் திரும்ப வசூலிக்கப்பட்டது. யாரோ செய்த தில்லுமுல்லுக்கு இப்போது உண்மையான விவசாயியும் ஒவ்வொரு சான்றாக காட்ட வேண்டி இருக்கிறது.

கிசான் பணம் என்று வாட்ஸ்-அப்பில் வரும் லிங்கை தொடக்கூடாது. பணம் பறிபோனால் உடனே 1930-க்கு போன் செய்ய வேண்டும். திட்டம் பற்றிய சந்தேகங்களுக்கு 155261 என்ற எண்ணில் கேட்கலாம். மாதந்தோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.