அமெரிக்காவில் அடிமை முறை: சந்தேகங்களும் விளக்கங்களும்

1619-இல் வந்திறங்கிய ஆப்பிரிக்கர்கள் அன்றைக்கே அடிமைகளா?

விலைக்கு வாங்கப்பட்டவர்கள்தான். அந்த ஆகஸ்டில் வர்ஜீனியாவின் பாயின்ட் கம்ஃபர்ட்டுக்கு வந்த ‘ஒயிட் லயன்’ கப்பலில் இருபதுக்குச் சற்று அதிகமானவர்கள் இருந்தார்கள். அங்கோலாவிலிருந்து போர்த்துகீசியக் கப்பல் ஏற்றிவந்த அவர்களை, ‘ஒயிட் லயன்’காரர்கள் நடுக்கடலில் பறித்துக்கொண்டு வந்திருந்தார்கள். உணவுப் பொருள் கொடுத்து ஆளுநர் தரப்பு அவர்களை வாங்கியது. ஆனால் ஆயுளுக்கும் அடிமை என்று சொல்லும் சட்டம் அப்போது அங்கே இல்லை. அதனால்தான் ஆன்டனி ஜான்சன் என்ற ஆப்பிரிக்கரைப் போன்ற சிலர் விடுதலையாகிச் சொந்த நிலமும் வைத்திருக்க முடிந்தது.

வெள்ளைக்காரக் கூலிகளும் அடிமைகள்தானே?

இல்லை. ஒப்பந்தக் கூலிகள் அடி உதை பட்டார்கள். பலர் தவணை முடியுமுன்பே செத்தார்கள். ஆனாலும் தவணை என்று ஒன்று இருந்தது. 1640-இல் வர்ஜீனியாவிலிருந்து மேரிலாந்துக்குத் தப்பியோடிய மூன்று கூலிகள் பிடிபட்டார்கள். மூவருக்கும் ஆளுக்கு 30 கசையடி. டச்சுக்காரருக்கும் ஸ்காட்லாந்துக்காரருக்கும் மேற்கொண்டு நான்காண்டு வேலை. ஜான் பஞ்ச் என்ற கறுப்பருக்கு மட்டும் ஆயுள் முழுவதும். மூவரும் செய்தது ஒரே குற்றம்தான்.

பிள்ளையும் அடிமை என்பது எப்போது வந்தது?

இதைத்தான் நின்று பார்க்க வேண்டும். எலிசபெத் கீ என்ற பெண்ணின் தந்தை ஆங்கிலேயர், சட்டமன்ற உறுப்பினர், தாய் ஆப்பிரிக்கர். குறிப்பிட்ட ஆண்டுகள் வேலை செய்தபின் விடுதலை என்ற ஏற்பாட்டில் சிறுவயதிலேயே ஒருவரிடம் விடப்பட்டார். பிறகு கைமாறினார். கடைசி எஜமானர் இறந்ததும், சொத்தை நிர்வகித்தவர்கள் அவரை அடிமைக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். எலிசபெத் வழக்குப் போட்டார். ஆங்கிலச் சட்டப்படி பிள்ளைக்குத் தந்தையின் நிலைதான், தான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவள், தவணையும் எப்போதோ முடிந்துவிட்டது என்று வாதாடினார். வழக்கு மேலும் கீழுமாக இழுபட்டு, கடைசியில் விடுதலை கிடைத்தது.

அவர் நுழைந்த வாசலை வர்ஜீனியா சட்டமன்றம் விட்டுவைக்கவில்லை. 1662-இல் பிள்ளைக்குத் தாயின் நிலைதான் என்று சட்டம் வந்தது. 1667-இல் ஞானஸ்நானம் யாரையும் விடுதலை செய்யாது என்றார்கள். முதல் சட்டத்தின் கொடுமை பெரிது: அடிமைப் பெண்ணைக் கெடுத்த எஜமானனுக்கு அவள் பெறும் பிள்ளை சொத்தாகிவிடும். உயில்களில் ஒரு பெண்ணை எழுதிவைக்கும்போதே, இனி அவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளையும் சேர்த்து எழுதினார்கள்.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் குறைவு என்கிறார்களே, 1860-இல் அடிமைகளின் எண்ணிக்கை நாற்பது லட்சத்தை நெருங்கியது எப்படி?

பிள்ளைக்குத் தாயின் நிலை என்று மேலே சொன்ன சட்டத்தால்தான். பெரும்பாலோர் அந்த மண்ணிலேயே அடிமைகளாகப் பிறந்தவர்கள்.

கூலிகளை விட்டு ஏன் அடிமைகளை நாடினார்கள்?

1660-களுக்குப் பிறகு இங்கிலாந்திலிருந்து கூலிகள் வருவது குறைந்தது. புகையிலைக்கோ ஆள் வேண்டும். 1676-இல் வர்ஜீனியாவில் நடந்த பேக்கன் கலகத்தில் வெள்ளைக் கூலிகளும் கறுப்பர்களும் சேர்ந்து ஆயுதம் தூக்கி, ஜேம்ஸ்டவுன் எரிந்ததும் தோட்ட முதலாளிகளைக் கலக்கியது. 1698-இல் ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் ஏகபோகம் போனதும் அடிமை வியாபாரத்தில் பலரும் இறங்கினார்கள். தெற்கே கரோலினாவில் நெல். சேற்றில் நின்று அதை விளைவித்தவர்கள், நெல் பயிரிடத் தெரிந்த மேற்கு ஆப்பிரிக்கர் உள்பட, அடிமைகளே.

வடக்கில் இது இல்லைதானே?

இருந்தது. அடிமை முறைக்கு முதலில் சட்ட ஒப்புதல் தந்ததே 1641-இல் மாசசூசெட்ஸ்தான். நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்டில் 1711 முதல் அடிமைச் சந்தை நடந்தது. அந்த மாநிலத்தில் அடிமை முறை ஒழிந்தது 1827-இல்.