நொய்டாவில் இருந்து வந்த இன்டெல் போன்

2012 ஏப்ரலில், டெல்லியை ஒட்டிய நொய்டாவின் லாவா நிறுவனம் ஸோலோ எக்ஸ்900 என்ற போனைக் கடைக்குக் கொண்டுவந்தது. விலை சுமார் 22,000 ரூபாய். இன்டெலின் ஆட்டம் சிப்போடு உலகில் முதலில் விற்பனைக்கு வந்த ஸ்மார்ட்போன் அதுதான். மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் அநேகமாக எல்லாமே ஆர்ம் வகைச் சிப்பில் ஓடின. ஆர்ம் சிப்புக்கான கட்டளைகள் இன்டெல் சிப்புக்கு வெறும் குப்பை.

ஆனாலும் பெரும்பாலான ஆப்கள் அதில் ஓடின. ஜாவாவில் எழுதியவை எந்தச் சிப்பையும் சாராத இடைநிலைக் குறியீடாகவே போனுக்கு வரும். டால்விக் என்ற மென்பொருள் அதை அந்தந்தச் சிப்புக்கு ஏற்ப இயக்கும். தொல்லை கேம்களால்தான். வேகம் கருதி அவற்றின் முக்கியப் பகுதிகளை சி, சி++ மொழிகளில் எழுதி, நேரடியாகச் சிப்பின் கட்டளைகளாகவே மாற்றியிருப்பார்கள்.

ஆண்ட்ராய்டு ஆப்கள் ஏபிகே என்ற கோப்பாக வரும். அது உண்மையில் ஒரு ஜிப் கோப்பு. அதைத் திறந்தால், இப்படிப்பட்ட ஆப்களில் 'லிப்' என்றொரு ஃபோல்டர். அதற்குள் சிப் வகைக்கு ஒரு ஃபோல்டர். டெல்லித் தெருப் பலகையில் ஒரே பெயர் இந்தி, ஆங்கிலம், பஞ்சாபி, உருது நான்கிலும் இருக்குமே, அதுபோல ஒரே நிரலுக்குப் பல வடிவங்கள். அந்த ஃபோல்டர்களில் உள்ள ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியிலும் சிப்பின் அடையாள எண் உண்டு: 32 பிட் இன்டெலுக்கு 3, 32 பிட் ஆர்முக்கு 40, 64 பிட் ஆர்முக்கு 183. எண் பொருந்தாவிட்டால் போன் அதை ஏற்றாது.

இன்டெல் வடிவமே இல்லாத ஆப்களுக்காக ஹூடினி என்ற மொழிமாற்றியை இன்டெல் உருவாக்கியது. ஆர்ம் கட்டளைகளை ஓடும்போதே அது மாற்றித் தரும். வேகம் கொஞ்சம் குறையும். கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் இன்டெலுக்கென்று தனியாக கம்பைல் செய்ய வேண்டிய அவசியத்தையும் அதுவே குறைத்துவிட்டது என்பேன். 2016இல், வரவிருந்த போன் சிப்களையே இன்டெல் கைவிட்டது.

பல வடிவங்களைச் சுமக்கும் ஆப்கள் பெருத்துப்போயின. 2019 ஆகஸ்டில் கூகுளின் பிளே ஸ்டோரில் 64 பிட் வடிவமும் கட்டாயமானது. 2021 ஆகஸ்ட் முதல், புதிய ஆப்களை மொத்தப் பொதியாக கூகுளிடம் கொடுத்துவிட வேண்டும். உங்கள் சிப்புக்கான துண்டை மட்டும் பிளே ஸ்டோர் பிரித்து அனுப்புகிறது. நண்பரின் போனிலிருந்து நகலெடுத்த ஆப் உங்கள் போனில் ஏற மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.