வீசா கிட்டவில்லை, பாட்டுச் சென்றது

கோமாரி போன்ற நம் கரையோர ஊர்களில், வீசாவுக்காகக் காத்திருப்பதன் வேதனையை அறிந்தோர் உளர். அவ்வேதனை ஓர் இசைத்தட்டாக மலர்ந்த வரலாற்றை இங்கு காண்போம்.

'எம்.ஐ.ஏ.' என்னும் மேடைப் பெயர் கொண்ட மாதங்கி மாயா அருட்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்தவர். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரினால் அகதியாக மீண்டும் லண்டன் சேர்ந்தவர். தமது இரண்டாம் இசைத்தட்டை அமெரிக்காவில் உருவாக்க எண்ணியவருக்கு, 2006இல் அந்நாட்டு வீசா கிட்டவில்லை. அவர் மனந்தளராது இந்தியா, திரினிடாட் முதலிய நாடுகளிற் பாடல்களைப் பதிவு செய்தார். சென்னையில் நமது உறுமி மேளமும் அவற்றிற் சேர்ந்தது. 2007இல் வெளிவந்த அத்தட்டுக்கு அன்னையின் பெயரான 'கலா' என்பதையே சூட்டினார்.

காகித விமானங்கள் எனப் பொருள்படும் 'பேப்பர் பிளேன்ஸ்' அதிலுள்ள பாடலே. 1982இல் 'தி கிளாஷ்' என்னும் ஆங்கிலக் குழு, புறக்கணிக்கப்பட்ட குடியேறிகளைப் பற்றிப் பாடிய பாடலின் இசையை அது அடித்தளமாகக் கொண்டது. குடியேறிகளைக் கள்வரென ஐயுறுவோரை எள்ளி நகையாடவே, அதன் பல்லவியில் துப்பாக்கி வெடியும் காசுப் பெட்டியின் மணியும் ஒலிக்கின்றன. 2008இல் அமெரிக்கப் பில்போர்ட் பட்டியலில் அப்பாடல் 4ஆம் இடத்தை எட்டியது.

பாடியவரைத் தாமதிக்கச் செய்த நாட்டிலேயே பாட்டு வீடுதோறும் நுழைந்தது. மாணவர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.