எம் ஃபார் மைக்!

ஹாலிவுட் போலீஸ் படம் பார்த்திருப்பீங்க. ஹீரோ காருக்குள் உட்கார்ந்து பர்கரை ஒரு கடி கடிக்கப் போகும்போதுதான் டேஷ்போர்டிலிருந்து கரகரன்னு ஒரு குரல் வரும். 'துப்பாக்கிச் சூடு... பக்கத்துல யார் இருக்கீங்க?' பர்கர் பறக்கும், கார் சீறும். அந்தக் குரல் ஹீரோவுக்கு மட்டும்தான் கேட்கும்னு நினைச்சா தப்பு. ஏதோ ஒரு வீட்டுச் சமையலறையில், உருளைக்கிழங்கு நறுக்கிக்கிட்டே ஒரு பாட்டியும் அதைக் கேட்டுக்கிட்டு இருப்பாங்க. சட்டப்படி!

பாட்டி பக்கத்தில் இருக்கும் சமாசாரத்துக்குப் பெயர் ஸ்கேனர். பார்க்க வாக்கி டாக்கி மாதிரியே இருக்கும். ஆனால், பேச முடியாது. கேட்க மட்டும்தான். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் என்று ஒவ்வொரு அலைவரிசையாகத் தாவிக்கொண்டே போகும். எங்கே பேச்சு கேட்குதோ, அங்கே பிரேக் போடும். பேச்சு முடிந்ததும் மறுபடி ஓட்டம்தான்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரு படிகத் துண்டைக் காசு கொடுத்து வாங்கி உள்ளே சொருகணும். அப்புறம் கீபேட் வந்தது. எண்ணைத் தட்டினால் போதும், வேலை முடிஞ்சது. பிரச்னை எப்போ வந்துச்சுன்னா, 'டிரங்கிங்' வந்தபோது.

அது என்ன? உங்க காலேஜில் இருபது வகுப்பு இருக்கு, ரூம் அஞ்சுதான்னு வெச்சுக்குங்க. எந்த வகுப்புக்கும் நிரந்தர ரூம் கிடையாது. வாசலில் ஒரு பியூன் நின்னுக்கிட்டு, 'ஃபிஸிக்ஸ் மூணாம் ரூம், தமிழ் ஒண்ணாம் ரூம்'னு ஓயாம கத்துறார். அடுத்த பீரியடில் எல்லாமே மாறிடும். டிரங்கிங்கும் அப்படித்தான். பல துறைகள் கொஞ்சம் அலைவரிசைகளைப் பங்கு போட்டுக்கும். யாருக்கு எப்போது எந்த அலைவரிசை என்று ஒரு கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். அதை ஓயாமல் அறிவிக்கும் பியூன்தான் 'கன்ட்ரோல் சேனல்'. துறை, பிரிவு ஒவ்வொன்றுக்கும் 'டாக்குரூப்' என்று ஒரு எண். பழைய ஸ்கேனர் மூணாம் ரூமிலேயே உட்கார்ந்திருக்கும். வகுப்பு எப்பவோ மாறிப் போயிருக்கும்.

ஆகவே, புரோகிராம் பண்ணும்போது கொடுக்க வேண்டியது ரெண்டு விஷயம். கன்ட்ரோல் சேனலின் அலைவரிசை, நமக்கு வேண்டிய டாக்குரூப் எண்கள். மிச்சத்தை ஸ்கேனரே துரத்திப் பிடிச்சுக்கும். ஆனால், 'டிலே' வைக்க மறந்தீங்கன்னா கேள்வி காதில் விழும், பதில் விழாது. ஒரு பேச்சு முடிந்ததும் ரெண்டு விநாடி காத்திருன்னு சொல்லி வைக்கணும். சதா கொரகொரக்கும் சேனலை 'லாக்-அவுட்' பண்ணிடலாம். இதெல்லாம் படுத்துது என்று புலம்பியவர்களுக்காக 2010-ல் யூனிடென் கம்பெனி 'ஹோம்பேட்ரோல்' என்று ஒன்று கொண்டுவந்தது. ஊர் பின்கோடைத் தட்டினால் போதும். எனக்கென்னவோ, கையால் புரோகிராம் பண்ணுவதில்தான் கிக்கே இருக்குன்னு தோணுது.

'சூப்பர் மச்சி, ஒண்ணு வாங்கிடலாமா?' பொறுங்க பாஸ். நம்ம ஊர் போலீஸ் பாஷையில் வயர்லெஸ்ஸுக்கு 'மைக்'னு பேர். அந்த மைக்கை ஒட்டுக்கேட்டால் கம்பிதான். லைசென்ஸ் இல்லாமல் வயர்லெஸ் கருவி வைத்திருக்கக் கூடாதுன்னு 1933-லேயே சட்டம் போட்டாச்சு. 2023-ம் வருட டெலிகம்யூனிகேஷன் சட்டத்திலும் அனுமதியில்லாத ஒட்டுக்கேட்பு குற்றம்தான். ரேடியோ ஆசை உண்மையாவே இருந்தால் ஹாம் பரீட்சை எழுதுங்க. 12 வயசிலிருந்தே எழுதலாம்.

சரி, அமெரிக்காவுக்கே வருவோம். 2013 ஏப்ரல் 15-ம் தேதி பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தது. 18-ம் தேதி ராத்திரி ஆரம்பித்து விடிய விடியத் துரத்தல். ஸ்கேனர் ஒலியை யாரோ இன்டர்நெட்டில் விட, உலகமே காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்தது. ஒரு அதிகாரி ஏதோ ஒரு குடும்பப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னார். 'எம் ஃபார் மைக்...' எழுத்து புரியணுமேன்னு சொன்ன 'மைக்', கேட்டவர்களுக்கு ஆள் பெயராகிப் போச்சு. மைக் என்ற புதுக் குற்றவாளி பிறந்துட்டார்! கூடவே இன்னொரு பெயரும் ட்விட்டரில் ஓடியது. மார்ச்சிலிருந்தே காணாமல் போயிருந்த ஒரு காலேஜ் மாணவரின் பெயர். 'ஸ்கேனரில் போலீஸே சொல்லிட்டாங்க' என்று ஆயிரக்கணக்கானவர்கள் பரப்பினார்கள். மகனைத் தேடி வீட்டார் ஆரம்பித்திருந்த ஃபேஸ்புக் பக்கத்தில் வசவு கொட்டியது.

பிறகு பத்திரிகைக்காரர்கள் அன்றைய ஒலிப்பதிவைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். மாணவரின் பெயர் அதில் எங்குமே கிடைக்கவில்லை. குண்டுவெடிப்புக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. ஏப்ரல் 23-ம் தேதி ஒரு ஆற்றில் அவருடைய உடல் கிடைத்தது.

அன்று இன்னொரு தலைவலியும் இருந்தது. எந்த வீட்டைச் சோதனை போடுறாங்கன்னு வெளியே சொல்லாதீங்கன்னு பாஸ்டன் போலீஸே ட்விட்டரில் கெஞ்ச வேண்டி வந்தது. தப்பி ஓடுறவன் கையிலும் போன் இருக்குமே!

இப்போது அங்கே பல நகரங்கள் போலீஸ் பேச்சைப் பூட்டுப் போட்டுவிட்டன. 2019-ல் டென்வர். 2023-ல் நியூயார்க் ஆரம்பித்தது. பூட்டின பேச்சை ஸ்கேனரில் என்னதான் புரோகிராம் பண்ணினாலும் திறக்க முடியாது. போலீஸ் சொல்லும் காரணம் நியாயம்தான். ரேடியோவில் ஒருத்தர் பிறந்த தேதி, முகவரி எல்லாம் வருது. ஆனால் நிருபர்கள் கத்துறதிலும் நியாயம் இருக்கு. வீஜீ என்ற புகைப்படக்காரர் 1938-லேயே போலீஸ் ரேடியோவைக் காரில் வைத்துக்கொண்டு நியூயார்க்கைச் சுற்றியவர். போலீஸ் அறிக்கை வரும் முன்பே அவர் படம் எடுத்து முடித்திருப்பார். இன்றைய நிருபருக்கு அந்த வழி அடைபடுது. போலீஸ் தப்பு பண்ணினாலும், அதைப் போலீஸே சொன்னால்தான் உண்டு.

சிகாகோ நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தது. பேச்சைப் பூட்டிவிட்டு, 30 நிமிஷம் கழித்துப் பொதுமக்களுக்கு ஒலிபரப்பு. அந்த ஊர்ப் பாட்டியாக இருந்தால், சைரன் தெருவைத் தாண்டிப் போய், உருளைக்கிழங்கும் வெந்து முடிந்த பிறகுதான் என்ன நடந்ததுன்னு காதில் விழும்.