ஒரு வருஷம் காத்திருக்க யாரால் முடியும்?

அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது. பாடநூல், சீருடை, மதியச் சாப்பாடு, பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள், 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அப்புறமும் வீட்டு வருமானம் எந்த இடத்தில் படிப்பை மறிக்கிறது?

நீட் தேர்வின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் 2021 அறிக்கையில் ஒரு பதில் கிடைக்கிறது. தமிழகத்தில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில், முந்தைய ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்துவிட்டுக் காத்திருந்தவர்கள் 2016-17இல் சுமார் 12 சதவீதம். அப்போது பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. 2020-21இல் அது சுமார் 71 சதவீதம். கோச்சிங் கட்டணத்தைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். அதை நல்ல மனசுக்காரர் யாராவது கட்டிவிடலாம். பதினெட்டு வயதுப் பிள்ளை ஒரு வருஷம் சம்பாதிக்காமல் உட்கார்ந்து படிக்க யார் கட்டுவார்?

மாதச் சம்பள வீட்டில் "போனால் போகட்டும், அடுத்த வருஷம் எழுதிக்கோ" என்று சொல்ல முடிகிறது. கட்டட வேலைக்குப் போகிற வீட்டில், பிளஸ் டூ ரிசல்ட் வருமுன்பே பையன் சித்தப்பாவோடு சென்ட்ரிங் வேலைக்குப் போய்விடுகிறான். சனிக்கிழமை கூலியை அம்மாவிடம் கொடுக்கிறான். அதில் மகளிர் குழுத் தவணை அடைபடுகிறது. கல்லூரிப் பேச்சு வருவதற்குள் வீடு அந்தக் கூலிக்குப் பழகியாகிவிட்டது. இதைப் பெற்றோரின் அக்கறையின்மை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத மருத்துவ ஒதுக்கீடு பெரிய உதவிதான். ஆனால் தேர்வு வரைக்கும் தாக்குப்பிடித்தவர்களுக்கு. என்னைக் கேட்டால், நாடித் துடிப்பைப் பிடித்தது புதுமைப் பெண் திட்டம். பட்டம் முடித்த பெண்ணுக்குக் கல்யாணத்தின்போது 50,000 ரூபாயும் தாலிக்குத் தங்கமும் கொடுத்துவந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம், 2022இல் படிக்கிற காலத்திலேயே மாதம் 1,000 ரூபாய் தருவதாக மாறியது. 2024இல் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் வந்தது.

சென்ட்ரிங் வேலையில் அந்த ஆயிரம் ரூபாய் இரண்டு நாள் கூலிகூட இல்லை. அதுவும் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் வரும். பையன் கைவிட்டுப் போவதோ ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் நடுவில். பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு பணத்தைத் தொடங்கி, எங்கும் சேராதவர்களுக்கு ஆகஸ்டில் நிறுத்திவிடலாம். ஒருவருக்கு நாலாயிரம் ரூபாய் கூடும். விண்ணப்பக் கட்டணத்துக்கும் குழுத் தவணைக்கும் அது காணும்.